தவணை கட்டியாகிவிட்டது, பணம் எங்கிருந்து வந்தது?

குழுக்கடன் கொடுக்கும் மைக்ரோஃபைனான்ஸ் நிறுவனம் எதன் ஆண்டறிக்கையைப் புரட்டினாலும் முதல் சில பக்கங்களிலேயே இரண்டு எண்கள் இருக்கும். எத்தனை லட்சம் பெண்களுக்குக் கடன் கொடுத்தோம் என்பது ஒன்று, கொடுத்ததில் எத்தனை சதவீதம் திரும்பி வந்தது என்பது இன்னொன்று. நல்ல வருடமாக இருந்தால் அந்த இரண்டாவது எண் 98, 99 என்று நிற்கும். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கள் கடனால் ஏழைப் பெண்கள் முன்னேறுகிறார்கள் என்று ஒரு வரி எழுதிவிடுவார்கள். கடன் வாங்கியவர் வாழ்க்கையில் உண்மையில் என்ன நடந்தது, அதற்கு நிறுவனம் எப்படி நடந்துகொண்டது என்று பார்த்து அளந்து சொல்வதுதான் என் வேலை. பல வருடமாக இதில் இருக்கிறேன். 99 சதவீதம் திரும்பி வந்தது என்றால் நிறுவனத்தின் பணம் பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். கட்டிய பெண்ணைப் பற்றி அந்த எண்ணில் எதுவும் இல்லை. போகிற கூட்டங்களில் எல்லாம் இதைச் சொல்கிறேன், ஒருமுறை விரிவாக எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

டெல்டா பக்கம் ஒரு கிராமத்தில் மாதம் 2,000 ரூபாய் தவணை கட்டும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று வேலை இருக்கும் மாதங்களில் கூலியிலிருந்தே கட்டிவிடுவார். வேலை இல்லாத மாதத்தில் தோட்டை அடகு வைப்பார். தோடும் ஏற்கெனவே கடையில் இருந்தால் பக்கத்து வீட்டில் கைமாற்று கேட்பார். அதுவும் கிடைக்காவிட்டால் பத்து வட்டிக்கு வாங்குவார், அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் பத்து ரூபாய், வருடத்துக்கு 120 சதவீதம். வருடத்துக்கு 24, 25 சதவீத வட்டியில் வாங்கிய கடனை அடைக்க 120 சதவீத வட்டியில் இன்னொரு கடன். இல்லையென்றால் இரண்டாவது நிறுவனத்தில் லோன் எடுத்து முதலாவதுக்குக் கட்டுவார், ஆட்டை விற்பார், பிள்ளைகளுக்குத் தெரியாமல் இரவுச் சாப்பாட்டை விடுவார். ஒன்றுமே முடியாத நாளில் குழுவில் உள்ள மற்றவர்கள் போட்டுக் கட்டுவார்கள், அடுத்த வாரம் முழுக்க அந்தப் பேச்சை அவர் தெருவில் கேட்க வேண்டியிருக்கும். இத்தனை வழிகளில் எதில் பணம் வந்திருந்தாலும் கணினியில் விழுவது ஒரே பதிவு: குறித்த தேதியில் கட்டப்பட்டது.

அதனால் எந்த நிறுவனத்துக்குப் போனாலும் நான் முதலில் கேட்கச் சொல்வது, போன தவணைக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான். கேட்பது சுலபம், ஆனால் உண்மையான பதில் கிடைக்க வேண்டுமென்றால் யார் கேட்கிறார்கள் என்பது முக்கியம். வசூலுக்கு வரும் அதே தம்பி கையில் படிவத்தோடு "அக்கா, நம்ம லோனால உங்க வாழ்க்கை நல்லா இருக்குல்ல?" என்று கேட்டால், அடுத்த லோன் வேண்டும் என்கிற அக்கா என்ன சொல்வார்? ஆமாம் தம்பி என்றுதான் சொல்வார். அந்த ஆமாம்களைக் கூட்டி 92 சதவீதம் பேர் முன்னேற்றம் என்று அறிக்கை போடும் வழக்கம் இந்தத் துறையில் இருக்கிறது, அதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே கோபம் வரும். வெளியாள் கேட்க வேண்டும், குழுவாக உட்காரவைத்து இல்லாமல் தனியாகக் கேட்க வேண்டும், முடிந்தால் பெண்ணே கேட்க வேண்டும், பதிலால் அடுத்த கடன் பாதிக்கப்படாது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அப்படிக் கேட்டால்தான் அடகுக்கடையும் பத்து வட்டியும் பேச்சில் வரும்.

ஆந்திரத்தில் 2010-இல் நடந்ததை இந்தத் துறையில் இருப்பவர்கள் யாரும் மறக்கக் கூடாது. அந்த வருடம் ஆகஸ்டில் எஸ்.கே.எஸ். மைக்ரோஃபைனான்ஸ் பங்குச் சந்தைக்கு வந்தது, விற்பனைக்கு இருந்த பங்குகளைப் போலப் பல மடங்கு விண்ணப்பம். முதலீட்டாளர்கள் நம்பியதற்கு முக்கியக் காரணம் அந்த 99 சதவீத வசூல்தான். அதே நேரத்தில் கிராமங்களில் ஒரே பெண்மேல் மூன்று நான்கு நிறுவனங்களின் கடன் இருந்தது, வசூல் நெருக்கடியால் தற்கொலைகள் என்று செய்திகள் வந்துகொண்டிருந்தன. அக்டோபரில் மாநில அரசு இந்த நிறுவனங்களின் வசூலைக் கட்டுப்படுத்தி அவசரச் சட்டம் போட்டது. அதற்குப் பிறகு சில மாதங்களுக்குள் ஆந்திரத்தில் வசூல் 10 சதவீதத்துக்கும் கீழே போனது. அரசு தடுத்ததால்தான் விழுந்தது என்று நிறுவனங்கள் இன்றைக்கும் சொல்வார்கள், அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் என்று சுற்றிக்கொண்டிருந்த பணம் அது, புதுக்கடன் நின்ற உடனே பழையதைக் கட்ட வழியில்லாமல் போய்விட்டது. வசூல் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு செப்டம்பர் வரைக்கும் எல்லாம் நன்றாக இருப்பதாகவே தெரிந்தது.

கம்போடியாவில் இன்னும் மோசம். அங்கே குழுக்கடன் என்று தொடங்கியது நிலப்பத்திரத்தை அடமானம் வாங்கும் கடனாக மாறியது. 2019-இல் லிகாடோ என்ற மனித உரிமை அமைப்பு இன்னொரு அமைப்போடு சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில், தவணை கட்டுவதற்காகக் குடும்பங்கள் நிலத்தை விற்றதையும் பிள்ளைகள் படிப்பை விட்டு வேலைக்குப் போனதையும் பதிவு செய்தார்கள். நிலம் விற்றுக் கட்டிய பணமும் முழுத்தொகை வசூல்தான், ஏட்டில் ஒரு ரூபாய் நிலுவை இருக்காது. இலங்கையில் 2018-இல் அரசே வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் வாங்கிய ஒரு லட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய வேண்டிய நிலை வந்தது, வடக்கு கிழக்கில் போரில் கணவரை இழந்த பெண்கள் பலர் இந்தக் கடனில் சிக்கியிருந்தார்கள்.

அளக்கக் கருவி இல்லாமல் இல்லை. வங்கதேசத்து கிராமீன் வங்கி, ஒரு குடும்பம் வறுமையிலிருந்து வெளியே வந்துவிட்டதா என்று பார்க்கப் பத்து அடையாளங்களை வைத்திருந்தது. தகரக்கூரை வீடு, நல்ல தண்ணீர், கழிப்பறை, ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் எல்லாம் பள்ளியில், குளிருக்குத் துணி, கொசுவலை, மூன்று வேளைச் சாப்பாடு, கையில் கொஞ்சம் சேமிப்பு, இப்படிப் போகும். அந்தப் பத்தில் தவணை கட்டும் சக்தி என்பது ஒன்றே ஒன்றுதான். மற்ற ஒன்பதும் வீட்டுக்குள் போய்ப் பார்க்க வேண்டியவை. நம் ஊரில் கிராமீனைப் பார்த்துத் தொடங்கியவர்கள் ஐந்து பேர் குழு, வாரக் கூட்டம், கூட்டுப் பொறுப்பு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள், இந்தப் பத்து அடையாளங்களை மட்டும் அவ்வளவு ஆர்வமாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் பி.பி.ஐ. என்று ஒரு பத்துக் கேள்வி அட்டை உண்டு. வீட்டில் எத்தனை பேர், எதில் சமைக்கிறீர்கள், என்னென்ன பொருள் இருக்கிறது என்று கேட்டு நூற்றுக்கு மதிப்பெண் போட்டு, இந்தக் குடும்பம் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடுவது. தேசிய அளவிலான வீட்டுச் செலவுக் கணக்கெடுப்பிலிருந்து செய்தது, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், எனக்குப் பிடித்த கருவிதான். ஆனால் தமிழ்நாட்டில் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்த முடியாது. 2006-க்குப் பிறகு அரசு வீட்டுக்கு வீடு கலர் டிவி கொடுத்தது, 2011-க்குப் பிறகு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. வடக்கே ஒரு கிராமத்தில் டிவி இருப்பது கையில் காசு இருப்பதன் அடையாளமாக இருக்கலாம், திருவாரூரில் அது ரேஷன் கார்டு இருப்பதன் அடையாளம். பொருட்களை வைத்து மதிப்பெண் போட்டால் இங்கே நிறையக் குடும்பங்கள் உள்ளதைவிட வசதியாகத் தெரியும். அதனால் அட்டையோடு சேர்த்து, வருடத்தில் எத்தனை மாதம் கூலி வேலை கிடைத்தது, சொந்த நிலமா குத்தகையா, அடகில் என்ன இருக்கிறது என்ற மூன்றையும் நான் கேட்கச் சொல்வேன்.

சராசரியும் நம்மை ஏமாற்றும். ஒரு கிளையின் சராசரி வருமானம் ஏறியிருக்கிறது என்று சந்தோஷப்படுவதற்கு முன்னால், அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மளிகைக்கடை வைத்திருப்பவர், மாடு வைத்திருப்பவர், பூ கட்டுபவர், நிலமில்லாத கூலித் தொழிலாளி, தனியாகக் குடும்பம் நடத்தும் பெண், சேரியில் இருப்பவர் எல்லோருக்கும் ஒரே அளவா ஏறியிருக்கிறது? பெரும்பாலும் முதல் இரண்டு வகையில்தான் ஏற்றம் இருக்கும்.

ஹைதராபாத்தில் பொருளாதார ஆய்வாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் ஸ்பந்தனா என்ற நிறுவனத்தோடு சேர்ந்து செய்த ஆய்வும் இதையே காட்டியது. 104 குடியிருப்புகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதியில் மட்டும் முதலில் கிளை திறந்து, இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஏற்கெனவே தொழில் செய்துகொண்டிருந்த சிலர் கொஞ்சம் வளர்ந்தார்கள், ஆனால் படிப்பு, உடல்நலம், வீட்டில் பெண்ணின் சொல்லுக்கு மதிப்பு ஆகியவற்றில் குறிப்பிடும்படி மாற்றம் எதுவும் இல்லை. கடனே வேண்டாம் என்று இதிலிருந்து நான் முடிவு கட்டமாட்டேன். ஒரு லட்சம் பேருக்குக் கடன் கொடுத்தோம், அதனால் ஒரு லட்சம் குடும்பம் முன்னேறியது என்று எழுதும் கையைத்தான் நிறுத்தச் சொல்கிறேன்.

கொல்கத்தாவில் நடந்த இன்னொரு ஆய்வு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் அங்கே அளந்தது நிர்வாகம் உடனே மாற்றக்கூடிய ஒரு விஷயத்தை. எரிக்கா ஃபீல்டு, ரோகிணி பாண்டே முதலியோர் ஒரே மாதிரிக் கடன் வாங்கியவர்களைப் பிரித்துச் சிலருக்கு வாரத் தவணை, சிலருக்கு மாதத் தவணை என்று வைத்து, இடையிடையே தொலைபேசியில் அழைத்து மனநிலையைக் கேட்டார்கள். மாதத் தவணை கட்டியவர்கள் கடனை நினைத்துக் கவலையாக, பதற்றமாக இருப்பதாகச் சொன்னது 51 சதவீதம் குறைவு. மாதத் தவணை என்பதால் கட்டாமல் விட்டவர்களும் அதிகமாகவில்லை. வட்டியைக் குறைக்கவில்லை, தொகையைக் கூட்டவில்லை, தேதியை மட்டும் மாற்றியதற்கு இவ்வளவு வித்தியாசம். வசூல் சதவீதத்தை மட்டும் பார்த்திருந்தால் இரண்டு குழுவும் ஒன்றுதான், பெண்களின் தூக்கம் எந்தக் குழுவில் போனது என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

சரி, அளந்தாயிற்று. அப்புறம் என்ன? இங்கேதான் பெரும்பாலான நிறுவனங்கள் நின்றுவிடுகின்றன. எஸ்.பி.டி.எஃப். என்ற சர்வதேச அமைப்பு 2012-இல் இதற்கென்று பொதுத் தரநிலைகளை வெளியிட்டது, 2022-இல் திருத்தியது. நோக்கம், தலைமையின் பொறுப்பு, வாடிக்கையாளருக்கு ஏற்ற கடன், வாடிக்கையாளர் பாதுகாப்பு, ஊழியர் நலன், அளவான வளர்ச்சியும் லாபமும், சுற்றுச்சூழல் என்று ஏழு பகுதிகள். நிறுவனங்கள் நாலாவது பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, கிளையில் புகார் எண் ஒட்டியிருக்கிறதா, லோன் கார்டு தமிழில் இருக்கிறதா என்று டிக் போட்டு முடித்துவிடுவார்கள். எனக்கு மற்ற ஆறைவிட ஐந்தாவது முக்கியம், ஊழியர்.

வசூலுக்கு வரும் பையன்கள் யார் என்று பாருங்கள். பட்டப்படிப்போ பன்னிரண்டோ முடித்த இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள், பாதிப் பேர் கூலிக் குடும்பத்துப் பிள்ளைகள்தான். வேறு மாவட்டத்தில் போட்டு, கிளையிலேயே தங்கவைத்து, விடியற்காலையிலேயே பைக்கில் கிளம்பச் சொல்வார்கள். ஒரு சென்டரில், அதாவது குழுக்கள் கூடித் தவணை கட்டும் இடத்தில், ஒருவர் கட்டவில்லை என்றால் வாங்காமல் கிளைக்குத் திரும்பாதே என்று போனில் மேலாளர். இன்சென்டிவ் முழுக்க வசூலிலும் புதுக்கடனிலும் கட்டப்பட்டிருக்கும். மாதக் கடைசியில் ஓ.டி., அதாவது தவணை பாக்கி, காட்டக் கூடாது என்று தன் சம்பளத்திலிருந்தே ஒரு அக்காவின் தவணையைப் போட்டுவிட்ட பையன்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பையன் இரவு எட்டு மணிக்கு ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்து கத்தினால் அது அவன் குணம் மட்டுமில்லை, தலைமை அலுவலகத்தில் யாரோ போட்ட இன்சென்டிவ் கணக்கும் சேர்ந்துதான் அங்கே உட்கார்ந்து கத்துகிறது. இயக்குநர் குழுக் கூட்டத்தில் வாடிக்கையாளர் நலன் பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டு அந்தக் கணக்கைத் தொடாமல் எழுந்தால் கீழே எதுவும் மாறாது. ஒரு கிளையில் அடகு வைத்துக் கட்டியவர்கள் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அந்தக் கிளையில் புதுக்கடன் டார்கெட் நிற்க வேண்டும், மேலாளரின் போனஸில் அது தெரிய வேண்டும். இதைச் செய்கிறோம் என்று சொல்லும் நிறுவனத்தோடுதான் நான் தொடர்ந்து வேலை செய்ய விரும்புகிறேன்.

விலகிப்போனவர்களையும் யாரும் கேட்பதில்லை. இருக்கும் வாடிக்கையாளர்களிடம் மட்டும் கருத்துக் கேட்டால் நன்றாக இருப்பவர்கள்தான் அகப்படுவார்கள். கடன் முடித்துவிட்டு இனி தேவையில்லை என்று போனவர், குழுச் சண்டையில் போனவர், கட்ட முடியாமல் வெளியேற்றப்பட்டவர், ஊரை விட்டே திருப்பூருக்கோ கேரளாவுக்கோ போனவர் என்று எல்லோரும் கணினியில் ஒரே பெயரில், செயல்படாத வாடிக்கையாளர் என்று கிடப்பார்கள். வருடத்துக்கு ஒருமுறையாவது அந்தப் பட்டியலிலிருந்து சிலரைத் தேடிப் போங்கள். நிறுவனத்தைப் பற்றி அவர்கள் சொல்வது போல யாரும் சொல்லமாட்டார்கள். அதேபோல் புகாரே வரவில்லை என்று பெருமைப்படும் கிளைக்குத்தான் நான் முதலில் போவேன்.

கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது பேராவூரணி, பட்டுக்கோட்டை பக்கமெல்லாம் தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன. புதுக் கன்று வைத்தால் காய்க்க ஐந்து வருடத்துக்கு மேல் ஆகும். தோப்பு வேலையை நம்பி இருந்த பெண்கள் தவணையைத் தள்ளிவையுங்கள் என்று கேட்டுப் போராட வேண்டியிருந்தது. ஒரு நிறுவனத்தின் சமூகச் செயல்பாட்டைப் பார்க்க அந்த மாதிரி மாதம்தான் சரியான மாதம்: யார் கேட்காமலே தள்ளிவைத்தார்கள், தள்ளிவைத்த மாதத்துக்கு வட்டி போட்டார்களா, அதை முன்கூட்டியே சொன்னார்களா? 2020-இல் கொரோனா சமயத்தில் ரிசர்வ் வங்கி மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையை ஒத்திவைக்க அனுமதித்தது, ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. அது ஓடுகிறது என்று எத்தனை பெண்களுக்கு அன்றைக்கு யார் சொன்னார்கள்?

இப்போது விதிகள் பழைய காலத்தைவிட நன்றாகவே இருக்கின்றன. 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானமில்லாமல் கொடுப்பதுதான் நுண்கடன், அந்தக் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. மிரட்டுவது, காலை 9-க்கு முன்பும் மாலை 6-க்குப் பிறகும் கூப்பிடுவது, உறவினரைத் தொந்தரவு செய்வது, பெயரை வெளியே போடுவது எல்லாம் தடை. தமிழ்நாடு அரசும் 2025-இல் கட்டாய வசூலைத் தண்டிக்கத் தனிச்சட்டம் கொண்டுவந்தது.

ஆனால் அந்தப் பாதி என்ற கணக்கு வருமானத்தை யார் எழுதுகிறார்கள் என்பதில் நிற்கிறது. டார்கெட் வைத்திருக்கும் அதே பையன்தான் எழுதுகிறான். ஒரு நிறுவனத்தில் கிளை கிளையாகப் படிவங்களை எடுத்துப் பார்த்தபோது பக்கம் பக்கமாக ஒரே வருமானம், அதுவும் கேட்ட கடனுக்குச் சரியாகப் பொருந்துகிற வருமானம். யார் எவ்வளவு கடன் வாங்கியிருக்கிறார் என்று பதிவு வைத்திருக்கும் கிரெடிட் பீரோவில் நிறுவனக் கடன்கள் தெரியும், தெருமுனை அடகுக்கடையும் பத்து வட்டியும் தெரியாது. தவணைச் சுமை உண்மையில் வருமானத்தில் பாதியைத் தாண்டியிருக்கிறதா என்பது ஏட்டில் அகப்படாது, அதனால்தான் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

இதைப் படிப்பவர்களில் குழுக்கடன் கட்டும் வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் இருப்பீர்கள். அம்மாவின் லோன் கார்டை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். வட்டி, தவணை, காப்பீட்டுக்குப் பிடித்த தொகை, புகார் எண் எல்லாம் அதில் தமிழில் இருக்க வேண்டும். வசூலில் மரியாதைக் குறைவாக நடந்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்துத் தேதியோடு ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், எப்படிப் போவது என்று கேட்க 14448 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம்.